உப்புத்தாள் தின்ற கம்புகள்

ஸ்நூக்கர் கம்பைப் பழுது பார்த்தே புதுக்கோட்டையில் ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. எனக்குச் சோறு போட்டது கட்டில் காலும் தொட்டில் கம்பும் உலக்கையும்தான். அப்பா காலத்திலிருந்தே எங்களுடையது கடைசல் பட்டறை. அரிமளம், ராயவரம், கடியாபட்டிப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு கால் உடைந்துவிடும். மற்ற கால்களைப் பார்த்து அதே அச்சில் ஒன்று கடைந்து பொருத்த வேண்டும். “எது பழசு எது புதுசுன்னு எனக்கே தெரியக் கூடாது ஆசாரி” என்று ஆச்சிமார் சொல்லிவிட்டுப் போவார்கள். இருக்கிற பொருளுக்கு ஒத்துப்போகிற மாதிரி வேலை செய்யும் அந்தப் பழக்கம்தான் பிறகு க்யூ எனப்படும் ஸ்நூக்கர் கம்பு வேலைக்கு உதவியது. புதிதாகச் செய்யத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய உண்டு. மிச்சம் இருப்பதைக் கெடுக்காமல் வேலை பார்க்கிறவர்கள் குறைவு.

தொண்ணூறுகளின் கடைசியில்தான் எங்கள் பக்கம் ஸ்நூக்கர் ஹால்கள் வந்தன. கேபிள் டிவியில் விளையாட்டுச் சேனல்கள் வந்ததும், ராத்திரி நேரத்தில் பச்சை மேசையைப் பார்த்துப் பழகிய பையன்கள் ஆடுவதற்கு இடம் தேடினார்கள். சினிமாவில் ரவுடிகள் கூடும் இடமாகவே ஸ்நூக்கர் ஹாலைக் காட்டிப் பழக்கிவிட்டதால், பெரியவர்கள் அந்த வாசலைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. ஒரு ஹால் முதலாளி ஒரு கட்டுக் கம்புகளைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்து, “இதுக்கு முனை போடத் தெரியுமா?” என்று கேட்டார். உலக்கைக்குப் பூண் போடுகிற கைதானே என்று வாங்கிவைத்தேன். உலக்கைப் பூண் இரும்பு, இது பித்தளை. மற்றபடி சங்கதி ஒன்றுதான்: மரத்தின் முனை பிளக்காமல் காப்பது.

நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தவர் திருச்சியில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். மார்க்கர் என்றால் புள்ளி சொல்கிறவர் என்று இந்தத் தலைமுறை நினைக்கிறது. அந்தக் காலத்தில் மேசைத் துணியைத் தேய்ப்பது, பந்துகளைக் கழுவுவது, டிப் என்கிற முனைத்தோலை ஒட்டுவது, ஆள் குறைந்தால் உறுப்பினரோடு ஆடித் தோற்பது எல்லாமே மார்க்கர் வேலை. 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம் வென்றதை, தான் அடித்து வென்ற மாதிரி சொல்வார். ஸ்நூக்கர் நம் நாட்டில் பிறந்த ஆட்டம் என்பதை அவரிடம்தான் முதலில் கேட்டேன். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி ஆரம்பித்துவைத்தார். பிறகு ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினார்கள், 1882இல். விதி எழுதிய மலை நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. அந்த ஆட்டத்தின் கம்புக்குப் பழுது பார்க்க ஆள் தேடினால்தான் கிடைக்காது.

டிப் ஒட்டுவதில் தொடங்குகிறேன், எல்லோரும் அதற்குத்தான் வருவார்கள். ஒட்டுவது ஐந்து நிமிடம். ஆனால் பூணின் முகமும் தோலின் அடிமுகமும் துல்லியமான மட்டத்துக்கு வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முடியளவு இடைவெளி இருந்தாலும் அடிக்கும்போது ஓசை காட்டிக்கொடுத்துவிடும். நல்ல ஒட்டு ‘டொக்’ என்று ஒலிக்கும். மோசமான ஒட்டில் ஒரு சின்னக் கிலுகிலுப்பு இருக்கும். மார்க்கர் பெரியவர் வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டிய காலத்து ஆள். ராத்திரி ஒட்டினால் காலையில்தான் ஆட முடியும். ஃபெவிக்விக் வந்த பிறகு காத்திருக்க வேண்டியதில்லை. அதனாலேயே பூண் முகத்தைச் சுத்தம் செய்யும் பொறுமையும் போய்விட்டது.

நாங்கள் அதிகம் போட்டது எல்க் மாஸ்டர். சிகாகோவில் ட்வீட்டன் கம்பெனி செய்கிற நீல நிறத் தோல். மெத்தென்று இருக்கும், முனையில் தேய்க்கிற சாக்கைப் (chalk) பிடித்துக்கொள்ளும், விலையும் குறைவு. சிக்கல் என்னவென்றால் ஒரே பெட்டியில் இருக்கிற தோல்கள் ஒரே குணத்தில் இருக்காது. சிமெண்டுத் தரையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். கெட்டியானது துள்ளும், சொத சொத என்று இருப்பது விழுந்த இடத்திலேயே கிடக்கும். துள்ளுவதைத் தினமும் ஆடுகிறவர்களுக்கு ஒதுக்கிவைப்பேன். பின்னாளில் ஒரு கல்லூரிப் பையன், அமெரிக்க பூல் ஆட்டக்காரர்கள் இதே தோலைப் பாலில் ஊறவைத்து, வைஸில் நெருக்கிக் காயவிட்டுக் கெட்டியாக்குகிறார்கள் என்றான். செய்து பார்த்தேன். கெட்டியாகத்தான் ஆகிறது. ஆனால் எங்கள் ஊர் வெயிலில் பட்டறை முழுக்கப் புளிச்ச வாடை. வீட்டில் பேச்சு வாங்கியதோடு அதை நிறுத்திக்கொண்டேன்.

இந்தத் தோல் முனையையே மிங்கோ என்ற பிரெஞ்சு ராணுவக்காரர் சிறையில் இருந்த காலத்தில் உருவாக்கினார் என்பார்கள். சுமார் இருநூறு வருடக் கதை. அதற்கு முன் வெறும் மரமுனைதான். மரமுனையால் பந்தின் ஓரத்தில் தட்டினால் வழுக்கிவிடும். தோல் வந்த பிறகே பந்தைச் சுழலவிட முடிந்தது. ஆக, ஆட்டத்தின் வித்தை முழுவதும் அந்தச் சின்னத் தோலிலும் அதன் பின்னால் இருக்கிற ஒரு சாண் மரத்திலும்தான் இருக்கிறது. அந்த ஒரு சாணைத்தான் எங்கள் பக்கத்து ஹால்களில் உப்புத்தாள் தின்றது.

கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஸ்நூக்கர் கம்பு பெரும்பாலும் ஆஷ் மரம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்வது. நீண்ட நார், கண்ணுக்குத் தெரியும் துளைகள். அந்தத் துளைகளில் வியர்வையும் சாக்குத் தூளும் போய் அடைந்துகொள்ளும். சித்திரை வைகாசியில் ஏசி இல்லாத ஹாலில் ஒரு மணி நேரம் ஆடினால், இடது கைக் கவட்டையில் கம்பு ஓடாது, ஒட்டும். உடனே ஹால் பையன் உப்புத்தாளை எடுப்பான். நாலு இழுப்பு இழுத்தால் கம்பு வழவழவென்று ஓடும். ஆட்டக்காரருக்குச் சந்தோஷம். மறுநாள் மறுபடியும் ஒட்டும், மறுபடியும் நாலு இழுப்பு. ஒவ்வொரு இழுப்பிலும் அழுக்கோடு மரமும் போகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் தூள் வெள்ளையாக இல்லாமல் சாக்கின் நிறத்தில் விழும்.

ஒரு வருடம் கழித்து என்னிடம் வரும்போது, விரலை முனைப் பக்கம் ஓட்டினால் பூணின் விளிம்பு நகத்தில் தட்டும். பூண் பித்தளை, அது தேயவில்லை. பின்னால் இருக்கிற மரம் தேய்ந்து உள்வாங்கிவிட்டது. வெர்னியர் வைத்துப் பார்த்தால் பூண் 10 மில்லிமீட்டர் இருக்கும், மரம் ஒன்பதுக்கும் கீழே இருக்கும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. முனையிலிருந்து அடிவரை சீராகப் பருத்துக்கொண்டு போக வேண்டிய கம்பு, கை ஓடுகிற இடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கி நிற்கும். பந்தில் படும்போது அந்த ஒடுங்கிய இடம் வளைந்து அதிரும். ஆடுகிறவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

கீரனூரிலிருந்து ஒரு வங்கி ஊழியர் வருவார். சென்னையில் வாங்கிய நல்ல ஆஷ் கம்பு. அம்புமுனை வடிவ ரேகைகள் முனைவரை வரிசையாக இருக்கும். திருச்சியில் ஒரு போட்டிக்கு முன்னால், “நைஸ் பண்ணித் தர்றேன் சார்” என்று ஒரு ஹால் பையன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். திரும்பி வந்தபோது மரம் 8.8 இருந்தது. “அண்ணே, கம்பு ஆடுதுண்ணே. பந்து நான் நினைக்கிற எடத்துக்குப் போக மாட்டேங்குது” என்றார். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க வழி கிடையாது. செய்ய முடிந்தது ஒன்றுதான்: முன்பக்கம் வெட்டி, பருமனான மரத்தை முனைக்குக் கொண்டுவருவது. இரண்டரை அங்குலம் வெட்டியபோது 9.2 வந்தது. அந்த அளவுக்குப் புதிய பூண் கடைந்து மாட்டினேன். நீளம் குறைந்துவிட்டதே! அடிப்பக்கம் கருங்காலியில் அதே இரண்டரை அங்குலம் சேர்த்தேன். பின்பாரம் கூடியதால் உள்ளே இருந்த ஈயத்தில் கொஞ்சம் எடுக்க வேண்டியிருந்தது. நாலு இழுப்பில் போனதைச் சமாளிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. விதிப்படி க்யூ மூன்று அடிக்குக் குறையக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு, ஆகவே இப்படி வெட்டி ஒட்டுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. கையின் பழக்கம்தான் சிக்கல். அவருக்குக் கம்பு பழக மூன்று மாதம் பிடித்தது.

கம்பில் குழி விழுந்து வருபவர்களும் உப்புத்தாளால் தேய்த்துவிடச் சொல்வார்கள். குழி என்பது நார் நசுங்கியதுதான், மரம் காணாமல் போகவில்லை. ஈரத்துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையை ஒரு விநாடி காட்டினால் ஆவி உள்ளே போய் நார் தானாக மேலே எழும். பாதிக் குழிகள் இப்படியே போய்விடும். தேய்த்து மறைத்தால் ஒரு குழிக்காகச் சுற்றிலும் இருக்கிற நல்ல மரத்தை இழக்க வேண்டும்.

வளைந்த கம்பு விஷயத்தில்தான் அதிகம் வாக்குவாதம். எங்கள் பக்கம் சிலம்பம் ஆடுகிறவர்கள் அதிகம். மூங்கிலையும் பிரம்பையும் அனலில் காட்டி நிமிர்த்துவதைப் பார்த்து வளர்ந்த ஊர். “சிலம்பக் கம்பு நிமிருதுல்ல, இது மட்டும் ஏன் ஆசாரி நிமிராது?” என்று கேட்பார்கள். பிரம்பு பச்சையாக இருக்கும்போது அனல் காட்டுகிறோம். அது அந்த நிலையிலேயே காய்ந்து நின்றுவிடும். க்யூ ஏற்கெனவே காய்ந்த மரம். சூடுகாட்டி வளைத்தால் அன்றைக்கு நேராக நிற்கும். ஐப்பசி மழை பிடித்ததும் பழைய இடத்துக்கே போகும். நேராக்கித் தருகிறேன் என்று காசு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் செய்வதில்லை. சின்ன வளைவு என்றால் வளைவைக் கீழ்ப்பக்கம் வைத்து ஆடப் பழகச் சொல்வேன், அடையாளத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டுத் தருவேன். பெரிய வளைவு என்றால் ஒட்டடைக் கம்புக்கு ஆகும்.

நம் ஊர் மரத்தில் க்யூ செய்ய முடியாதா என்றும் கேட்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும் தைல மரம். அறுத்த மரம் காயும்போதே முறுக்கிக்கொள்ளும், பிளக்கும். தேக்கில் எண்ணெய் இருக்கிறது, மெதுவான மரம், அடியின் அதிர்வைக் கைக்குக் கொண்டுவராது. வேங்கை, தோதகத்தி, கருங்காலி எல்லாம் அடிப்பக்கத்துக்கு அருமை, முன்பக்கத்துக்கு ஆகாது. சும்மா பெருமைக்காக நாட்டு மரத்தில்தான் செய்வேன் என்று நிற்பதில் அர்த்தமில்லை. கருங்காலியையும் இப்போது தொட முடியவில்லை. ஊரெல்லாம் கருங்காலி மாலை போட ஆரம்பித்த பிறகு, சாயம் போட்ட வேறு மரத்தைக் கருங்காலி என்று விற்கிறார்கள். உளி வைத்ததும் தெரிந்துவிடும். மாலை போடுகிறவர் உளி வைத்துப் பார்ப்பதில்லை.

பேருந்து பிரச்சினை இன்னொன்று. ஒரே துண்டாக இருக்கிற க்யூ நாலே முக்கால் அடிக்கு மேல். கந்தர்வகோட்டையிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் டவுன் பஸ்ஸில் வருகிற பையன்கள் பி.வி.சி. பைப்பை வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டு அதற்குள் வைத்து எடுத்து வருவார்கள். “என்னப்பா, பைப்புக்குள்ள துப்பாக்கியா?” என்று கண்டக்டர்கள் கேட்பார்கள். பைப் கம்பைக் காப்பாற்றியது உண்மை, ஆனால் மொட்டை வெயிலில் மாடிப்படியில் சாத்திவைத்த பைப் உள்ளே அடுப்பாகிவிடும். அதனால் கம்பைப் பிரித்து மாட்டுகிற மாதிரி வெட்டித் தரச் சொல்லி வந்தார்கள். நடுவில் வெட்டாமல் அடியிலிருந்து கால் பங்கில் வெட்டுவதுதான் நல்லது. முன்பக்கம் முக்கால் பங்கு ஒரே நாராகத் தொடரும். வெட்டுவது எளிது, இணைப்புப் போடுவதுதான் கடினம். இரண்டு முகத்திலும் துளை நட்டநடுவில் நேராக இறங்க வேண்டும். கடைசலில் நீளக் கம்பைச் சுழற்றினால் மறுமுனை சாட்டையாக வீசும், துளை கோணும். இரண்டு இடத்தில் மரக்கட்டையால் தாங்கி மெதுவாகச் சுழற்ற வேண்டும். துளை ஒரு நூல் கோணினால் மறுமுனையில் கம்பு ஒரு விரல் விலகி நிற்கும். நீளக் கம்பு இப்படி வீசுவதால்தான் நல்ல க்யூ செய்கிறவர்கள் கம்பைக் கடைவதில்லை, இழைப்புளியால் இழைத்தே உருட்டுகிறார்கள். கடைசல்காரனாகிய எனக்கு இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் காலம் ஆனது.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பட்டறையில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. கைவேலை மட்டும்தான். ஒரு ஹாலின் கூரைத் தகரம் பறந்து, மேசையும் கம்புகளும் ராத்திரி முழுக்க நனைந்திருந்தன. துணி போய்விட்டது, கீழே இருந்த கல்பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளி பாதிக் கம்புகளை மொட்டை மாடியில் வெயிலில் பரப்பிக் காயவைத்தார். மீதியை என்னிடம் கொடுத்தார். நான் துடைத்து, பட்டறை உள்ளே நிழலில், முனையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன், சீக்கிரம் காயாதபடி கோணித் திரை போட்டு. மாடியில் காய்ந்தவை பெரும்பாலும் முறுக்கிக்கொண்டன, சிலது பூணுக்குப் பின்னால் பிளந்துவிட்டன. நிழலில் தொங்கியவற்றில் பாதிக்கு மேல் மறுபடி ஆட்டத்துக்குப் போயின. அந்த வருடம் வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து அறுப்பு மில்களில் குவிந்து கிடந்தன. பார்க்கவே வயிறு எரிந்தது. கொஞ்சம் பலாப்பலகை வாங்கி வைத்தேன். க்யூ அடிப்பக்கத்தில் கருங்காலியோடு ஒட்டினால் மஞ்சள் அழகாகத் தெரியும். வருடம் போகப் போகப் பழுப்பேறும். அந்தப் பலகை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எப்போதாவது பழைய ஒற்றைத் துண்டுக் கம்புகள் கிடைக்கும். தந்த வேலைப்பாடு இருந்தால் தொடமாட்டேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1986இல் வந்த திருத்தமும் இருக்கின்றன. பழசுதானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தந்தம் இல்லாத பழைய கம்புகளில் நான் பார்த்தது ஒன்று: அவற்றின் முன்மரம் இன்றும் பருமன் குறையாமல் இருக்கிறது. கிளப் மார்க்கர்கள் துணியால்தான் துடைத்தார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு ஸ்நூக்கர் மேசைகள் குறைந்து பூல் மேசைகள் வருகின்றன. காரணம் இடம்தான். ஸ்நூக்கர் மேசை பன்னிரண்டுக்கு ஆறடி, சுற்றிக் கம்பு வீச இடம் வேண்டும், வாடகை கட்டாது. பூல் மேசையை ஒரு கஃபேயின் மூலையில் போட்டுவிடலாம். பூல் பந்து பெரியது, 57 மில்லிமீட்டர். ஸ்நூக்கர் பந்து 52.5. பாரமும் கூடுதல். அதற்காகவே பூல் கம்பின் முனை 12, 13 மில்லிமீட்டர் இருக்கும், மரம் மேப்பிள். பையன்கள் ஸ்நூக்கர் கம்பாலேயே பூல் பந்தை ஓங்கி அடிப்பார்கள். பூண் கழன்று, தோல் காளானாக விரிந்து வரும். இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே கம்பு என்பது வீண் செலவு.

இப்போது வருகிற கேள்வி வேறு. “அண்ணே, லோ டிஃப்ளெக்‌ஷன் பண்ணித் தருவீங்களா?” ஓரத்தில் தட்டினால் வெள்ளைப் பந்து குறியிலிருந்து சற்று விலகிப் போகும். முனைப் பக்கத்துப் பாரம் குறைந்தால் அந்த விலகலும் குறையும். தொண்ணூறுகளில் ப்ரிடேட்டர் என்ற அமெரிக்கக் கம்பெனி மரத்தைத் துண்டு துண்டாக ஒட்டி, முனைக்குள் துளையிட்டுக் கம்பு செய்ய ஆரம்பித்ததிலிருந்து உலகம் முழுக்க இந்தப் பேச்சு. யூடியூபில் பார்த்துவிட்டு, தன் கம்பின் முனையில் துளையிடச் சொல்கிறார்கள். அந்தக் கம்புகள் துளைக்காகவே கட்டப்பட்டவை. ஒரே நாராக இருக்கிற மேப்பிளில் நாம் துளையிட்டால் ஒரு மாதத்தில் பிளக்கும். நான் அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒன்று செய்வேன்: கனமான பூணை எடுத்துவிட்டு இலேசான ஃபைபர் பூண் போட்டு, 13 முனையை 12.5க்கு இறக்குவேன், அதற்கு மேல் இல்லை. வித்தியாசம் தெரியும். தெரியாதவர்களுக்கு விலகல் கம்பில் இல்லை.

கார்பன் ஃபைபர் கம்புகளும் திருச்சி வரை வந்துவிட்டன. வளையாது, குழி விழாது, ஈரம் குடிக்காது, துடைத்தால் போதும். அதைப் பார்த்து மரவேலைக்காரன் வருத்தப்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. மாதச் சம்பளத்தில் பாதி கொடுத்து வாங்குகிறவர் அதை உப்புத்தாளால் தேய்க்க மாட்டார். அந்த மரியாதை ஆயிரம் ரூபாய் ஆஷ் கம்புக்கும் கிடைத்திருந்தால் பாதிக் கம்புகள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஹால் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கம்புகளைச் சுவரில் சாய்க்காதீர்கள், நேராக நிறுத்துங்கள் அல்லது தொங்கவிடுங்கள். சுவருக்குப் பின்னால் குளியலறை இருந்தால் அந்தச் சுவரே வேண்டாம். ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பருத்தித் துணி வையுங்கள், ஒன்று பிழிந்த ஈரத்துணி, ஒன்று காய்ந்தது. ஈரத்தால் ஒரு தடவை, உடனே காய்ந்த துணியால் உள்ளங்கை சூடாகும்வரை. பிசுபிசுப்பு போய்விடும். அப்படியும் போகாத கம்பு இருந்தால் பட்டறைக்கு அனுப்புங்கள். துடைத்துத் தருவதற்கு நான் காசு வாங்குவதில்லை.